ஒன்பது நாள் சேணம்

"இன்னிக்கும் நாள் சரியில்ல போலிருக்கே, வாத்தியாரே," என்றார் பலவேசம்.

உவைஸ் வானத்தைப் பார்க்கவில்லை. பார்த்து அலுத்துவிட்டது.

"சரி அண்ணாச்சி. டீயைக் குடிச்சிட்டு மூட்டைய இறக்குதேன்."

அன்று ஒன்பதாவது நாள். காலையில் மூட்டை ஏற்றுவதும் மத்தியானம் இறக்குவதுமாக, ஓரடி நடக்காமலே மூட்டைக் குதிரை இளைத்துப்போயிருந்தது.

கிர்கிஸ் மலையில் கடைசி வீடு உவைஸுடையது. அதற்கு மேலே கணவாய். கணவாய்க்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டாத புல்வெளி. அங்கே அடிப்பது சாதாரணக் காற்று இல்லை. கஜகஸ்தானில் மேய்கிற ஆட்டின் புழுக்கை இங்கே வந்து விழும். விழும்போது சூடு ஆறியிருக்காது என்று சத்தியம் பண்ண நாலு பேர் இருக்கிறார்கள்.

பலவேசம் திருநெல்வேலிக்காரர். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்று எழுதியவர். அவர் நிறுத்திய வண்டிகள் ஏராளம், ஏறிய வண்டிகள் சொற்பம்.

இந்த ஒரு பயணத்துக்குப் பதினாலு வருஷம் திட்டம் போட்டார். கணவாய் ஏறி, புல்வெளி தாண்டி, ஏரிக்கரை வரை குதிரையில் இருபத்திரண்டு நாள். எல்லாம் ஒரு தடித்த நோட்டில் இருந்தது. ஏழாம் நாள், காலை மணி பதினொன்று நாற்பது, ஆற்றைக் கடப்பது. தண்ணீர் முழங்கால் அளவு. அதற்கு மேல் இருந்தால் ஒரு மாற்று ஏற்பாடு. அதுவும் தவறினால் மாற்றுக்கு ஒரு மாற்று.

அவருக்கு அறுபத்து நாலு வயது. ஜனவரியில் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன். அதற்கப்புறம் குதிரையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவாயில் பனி விழ இன்னும் நாலைந்து நாள்தான். விழுந்தால் ஜூனில்தான் வழி திறக்கும்.

இப்போது போனால் உண்டு. இல்லையென்றால் இல்லவே இல்லை.

உவைஸுக்கு வயது முப்பத்தாறு. மேலப்பாளையத்திலிருந்து டாக்டருக்குப் படிக்க வந்தவன். மனுஷ எலும்புகளின் பேர் மண்டையில் நிற்கவில்லை, குதிரை எலும்பு நின்றுவிட்டது. ஐனுராவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கினான். வருகிறவர்களுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பதால் ஊரிலிருந்து வரும் கிழவர்களுக்குக்கூட அவன் வாத்தியார்.

முதல் நாளே பலவேசம் கேட்டிருந்தார், புறப்பட வேண்டிய நாள் இதுதான் என்று எப்படித் தெரியும் என்று.

உவைஸ் அவருடைய இடது கையில் கடிவாளத்தைக் கொடுத்தான்.

"கைய நேரா வைங்க. மணிக்கட்ட எந்தப் பக்கம் திருப்புதியளோ, குதிரை அந்தப் பக்கம் திரும்பும்."

"நான் கேட்டது வேற, தம்பி."

"எனக்குத் தெரிஞ்சது இதுதான், அண்ணாச்சி."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று நினைத்தாலும், 'கடிவாளம்' என்று தலைப்புப் போட்டு அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் நோட்டையே கொடுத்துப் படிக்கச் சொன்னார். உவைஸ் ஒரு பக்கம் விடாமல் படித்தான். ஏழாம் நாள் வந்ததும் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இத அந்த ஆறு படிச்சிருக்கா, அண்ணாச்சி?"

ஐந்தாம் நாளுக்குப் பிறகு பலவேசம் எதுவும் கேட்கவில்லை. காலையில் கோட்டு மாட்டி, மேகத்தையும் நோட்டையும் மாறிமாறிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாமல் உள்ளே வந்து உட்காருவார். நடக்காத தூரத்துக்கெல்லாம் சேர்த்துக் கால் வலித்தது.

ஒன்பதாம் நாளும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார். நோட்டைக் கம்பளத்தில் போட்டார். அதன் சிவப்பு நாடா வெளியே தொங்கியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மீரிம் அதைப் பார்த்தாள். உவைஸின் மகள், பதினோரு மாதம். அதுவரை சுவரை விட்டவளில்லை.

விட்டாள்.

ஓரடி. இரண்டடி. மூன்றாவது அடியில் நோட்டின் மேலேயே விழுந்து, நாடாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஐனுரா கையிலிருந்த மாவோடு ஓடிவந்தாள்.

அரை மணி நேரத்தில் வீடு நிறைய ஆட்கள். பக்கத்து வீடு என்பதே நாலு கிலோமீட்டர். சேதி எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவருகிற காற்றுக்கு இது ஒரு வேலையா?

குழந்தை முதல் அடி வைத்தால் அங்கே ஒரு வழக்கம். கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூலை முறுக்கி அதன் கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். மேயவிடும் குதிரைக்கு முன்னங்காலில் கட்டுகிற மாதிரியேதான். பிறகு ஒருவர் வந்து அந்தக் கட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டுகிறவர் நடை எப்படியோ குழந்தையின் நடையும் அப்படி. அதனால் நல்ல நடைக்காரராகப் பார்த்துத்தான் கத்தியைக் கொடுப்பார்கள்.

கூட்டத்தில் மூத்தவர் ஓமுர்பெக் என்ற குதிரைக்காரர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பலவேசத்தைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடல் முடிகிற இடத்திலிருந்து வந்த மனிதர் இவர், இவரைவிடத் தூரம் நடந்தவர் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாராம். உவைஸ்தான் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

கத்தி கைக்கு வந்தது. பலவேசம் மண்டியிட்டார். முழங்கால் இரண்டும் மளுக்கென்றன.

மீரிம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அடி எடுத்து வைக்கப் பார்த்தாள். கட்டு இழுத்தது, விழுந்தாள். ஐனுரா தூக்கி நிறுத்தினாள். மறுபடியும் அடி. மறுபடியும் விழுந்தாள். இந்தத் தடவை அழுதாள்.

பலவேசத்தின் கை அப்படியே நின்றது.

"என்னால முடியாது, வாத்தியாரே."

"கத்தி மழுங்கலா?"

"கத்திக்கு என்ன. நான் எங்கயும் நடந்தவன் இல்ல. எல்லாம் நோட்டுலதான். நான் வெட்டுனா இந்தப் புள்ளையும் உக்காந்தே இருந்துரும்."

உவைஸ் அதைக் கிர்கிஸ் மொழியில் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஓமுர்பெக் தாடியைத் தடவிக்கொண்டு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"பேர் சொன்ன பெறகு ஆள மாத்துற வழக்கம் இல்லையாம்."

"அப்ப?"

"கட்டோட இருப்பா. ஒங்களுக்கு என்னைக்குத் தோதுப்படுதோ அன்னைக்கு வெட்டுங்க."

"அழுதாளே, தம்பி."

"அழுவா."

பலவேசம் நோட்டைப் பார்த்தார். அது குழந்தைக்கு அடியில் கிடந்தது. நாடா ஈரமாக இருந்தது.

ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். கத்தியோடு வாசலைத் தாண்டினார். கூட்டம் வழிவிட்டது.

அவருடைய குதிரை சேணத்தோடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. கல்லின் மேல் ஏறி, கல்லிலிருந்து சேணத்தில் ஏறி, மூச்சு வாங்கி, குதிகாலால் தட்டினார்.

குதிரை நகரவில்லை.

"வாத்தியாரே, போக மாட்டேங்குதே."

"கீழ பாருங்க, அண்ணாச்சி."

முன்னங்கால்கள் கட்டியிருந்தன.

ஏறியதைவிட இறங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. முடிச்சுதான், அவிழ்த்துவிடலாம் என்று உவைஸ் சொல்லி முடிப்பதற்குள் கயிறு இரண்டு துண்டாகிவிட்டது.

"நல்ல கயிறு," என்றான் உவைஸ்.

மறுபடியும் கல். மறுபடியும் சேணம். குதிரை ஓரடி வைத்தது. இரண்டடி. மூன்றடி.

"புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லும்."

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஐனுரா குழந்தையோடு ஓடிவந்தாள். குதிரைக்குச் சமமாக நடந்துகொண்டே இரண்டு பாதங்களையும் மேலே நீட்டிப் பிடித்தாள். பலவேசம் குதிரையை நிறுத்தவில்லை. சேணத்திலிருந்து குனிந்து, கத்தியை நூலுக்கடியில் விட்டு, ஒரே இழுப்பாக இழுத்தார். கத்தியைத் திருப்பிப் பிடியை ஐனுராவிடம் நீட்டினார்.

பின்னால் ஆட்கள் கூவினார்கள். இறக்கிவிடப்பட்ட மீரிம் நாலடி நடந்து, விழுந்து, எழுந்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. குதிரை சரிவில் ஏற ஆரம்பித்திருந்தது. முகத்தில் ஒரு சொட்டு மழை விழுந்தது.

சற்று நேரத்தில் பின்னால் குளம்புச் சத்தம். உவைஸ் தன் குதிரையில் வந்தான். மூட்டைக் குதிரை அவன் பின்னால் வந்தது. அன்றைக்கு மூட்டையை யாரும் இறக்கியிருக்கவில்லை.

"அண்ணாச்சி."

"ம்."

"மணி என்ன ஆச்சு?"

முப்பத்தாறு வருஷ ரயில்வேப் பழக்கம். பலவேசம் இடது மணிக்கட்டைத் திருப்பினார்.

குதிரை வீட்டுப் பக்கம் திரும்பியது.

அவர் கையை நேராக வைத்தார்.