துறைத் தலைவர் கேட்ட பத்து நிறுவனங்கள்

விலங்கியல் துறைத் தலைவர் தணிகாசலம், துணைவேந்தர் முன்னாலேயே தட்டச்சர் எஸ்தர்மீது பாய்ந்தார். "ஆராய்ச்சிக்கு வெளியிலிருந்து ஒரு பைசா வரலை. நிதி கொடுக்கிற பத்து நிறுவனத்தை இன்னைக்கே கண்டுபிடி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

எஸ்தர் ஐந்தே நிமிடத்தில் ஒரு கட்டுக் கடிதங்களோடு திரும்பினாள். எல்லாம், நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நிறுவனங்களே அனுப்பியவை.

"இதையெல்லாம் ஏன் எங்கிட்ட காட்டலை?"

"பாராட்டு விழா அழைப்பு மட்டும்தான் மேஜைக்கு வரணும்னு நீங்கதானே சொன்னீங்க, சார்?"

துணைவேந்தர் கடிதங்களைப் புரட்டினார். உதவித்தொகை இல்லாமல் ஆய்வை விட்டுப்போன இரண்டு மாணவிகளின் முகம் நினைவுக்கு வர, தணிகாசலம் தலை குனிந்தார்.

"எதுக்காவது விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்காம்மா?" எஸ்தரிடம் கேட்டார்.

"ஒண்ணுக்கு இருக்கு, சார். நாளைக்குக் கடைசி."

அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் சொல்றேன், அடிங்க."