பங்கு விமானம்

இந்தக் கதையில் சீடர் குருவைவிட எட்டு வயது மூத்தவர்.

சீடரின் பெயர் சங்கரபாண்டியன். பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்தவர். தோளில் நான்கு பட்டை, முதுகுக்குப் பின்னால் இருநூறு உயிர், போகிற இடமெல்லாம் வணக்கம் என்று வாழ்ந்தவர். ஒரு நாள் அந்த விமான நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள்.

குருவின் பெயர் ஜெனோவா. தூத்துக்குடிப் பெண். ஒரு காலத்தில் சங்கரபாண்டியனுக்கு வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்து தொழில் பழகியவர். பிறகு ஒரு முதலாளியின் சொந்த விமானத்தை ஓட்டப் போனார். அதற்கும் பிறகு பங்கு விமானத்துக்கு வந்தார்.

பங்கு விமானம் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சின்ன ஜெட்டை வாங்குவார்கள். ஆளுக்குச் சில நாள் அதில் பறப்பார்கள். ஓட்டுவதும் பராமரிப்பதும் ஒரு கம்பெனியின் பொறுப்பு. இன்றைக்கு ஒரு முதலாளி, நாளைக்கு வேறொருவர். விமானிகளுக்கு யாரும் நிரந்தரம் இல்லை.

அந்தக் கம்பெனியில் சங்கரபாண்டியன் சேர்ந்தபோது, சின்ன ஜெட்டை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஜெனோவாவைப் போட்டார்கள். இப்போது ஜெனோவா கேப்டனுக்குரிய இடப்பக்கம், அவர் வலப்பக்கம். ஜெனோவா பழைய வழக்கப்படி அவரை ‘சார்’ என்றே அழைத்தார். அவரோ முதல் நாளிலிருந்தே ‘கேப்டன்’ என்று அழைத்தார். அதில் தனக்கு வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இப்படியிருக்கும்போது அவருக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. புதிய விமான நிறுவனம் ஒன்று மறுபடியும் கேப்டனாக வரச் சொன்னது. சிமெண்ட் ஆலை முதலாளி ஒருவர் தன் சொந்த விமானத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு பேருமே வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, சென்னையில், விமானிகள் ஓய்வறையில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட ஜாபர் இருந்தார். ஒரு ஜவுளி முதலாளியின் விமானத்தைப் பல வருடமாக ஓட்டுபவர்.

“எங்க முதலாளிக்குக் காபியில எவ்வளவு சர்க்கரைன்னுகூட எனக்குத் தெரியும்,” என்றார் ஜாபர். “என் பொண்ணு கல்யாணத்துக்கு முதல் ஆளா வந்து நின்னாரு. ஆனா எப்ப கூப்பிடுவாருன்னு மட்டும் தெரியாது. பெருநாள் பிரியாணியைப் பாதியில வச்சிட்டு ஓடியிருக்கேன்.”

“பெரிய விமானத்துல அந்தத் தொல்லை இல்லை,” என்றார் சங்கரபாண்டியன். “மாசம் பிறக்கறதுக்கு முன்னாடியே ட்யூட்டி தெரிஞ்சிடும். கதவைச் சாத்திட்டா உள்ளே நம்ம ராஜ்யம்.”

“ராஜ்யம்தான். ஒரே நாள்ல ரெண்டு தடவை பெங்களூரு போயிட்டு வர்ற ராஜ்யம்,” என்றார் ஜாபர்.

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரபாண்டியன் சிரித்து முடித்துவிட்டு ஜெனோவா பக்கம் திரும்பினார்.

“மூணு உப்பையும் தின்னவங்க நீங்க ஒருத்தர்தான் கேப்டன். எதுல மனசு நிறையும்?”

ஜெனோவா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“இசக்கிமுத்து ஐயா வந்துட்டாங்க. கிளம்புவோம் சார்,” என்றார்.

இசக்கிமுத்து அந்த விமானத்தின் பங்குதாரர்களில் ஒருவர். மீன் ஏற்றுமதி செய்பவர். அன்று அவர் மகனுக்குத் தூத்துக்குடியில் நிச்சயதார்த்தம். மனைவி, மகன், பெண் வீட்டுக்கான சீர்த் தட்டுகள் எல்லாம் விமானத்தில் ஏறின. தேங்காய், பழம், பட்டுப்புடவை, பூ. சின்ன விமானம் முழுக்க மல்லிகை மணத்தது. ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று இசக்கிமுத்து ஏறும்போதே சொன்னார்.

தூத்துக்குடிக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மேகத்துக்குள் இறங்கும்போது ஒரு கணக்கு உண்டு. குறிப்பிட்ட ஓர் உயரம்வரை இறங்கலாம். அதற்குள் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். ஜெனோவா கருவிகளைப் பார்த்து ஓட்டினார். வெளியே பார்ப்பது சங்கரபாண்டியனின் வேலை.

“தெரியுதா சார்?”

“இல்லை.”

கண்ணாடியில் மழை சாட்டையாக அடித்தது. அந்த உயரம் வந்தது. இடப்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. ஓடுபாதையின் ஓரமாக இருக்கலாம். வயலில் தேங்கிய மழைத் தண்ணீராகவும் இருக்கலாம். ‘தெரியுது’ என்று சொல்லச் சங்கரபாண்டியனின் நாக்கு துடித்தது.

“தெரியலை கேப்டன்.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஜெனோவா விமானத்தை மேலே ஏற்றிவிட்டார்.

பெரிய விமானத்தில் விமானிக்கும் பயணிக்கும் நடுவே பூட்டிய கதவு இருக்கும். இதில் ஒரு திரைதான். அதை விலக்கிக்கொண்டு இசக்கிமுத்துவின் தலை எட்டிப் பார்த்தது.

“என்னம்மா, ஊரு வந்திட்டுன்னு நெனச்சேன். மேல போறியே?”

“ஓடுபாதை தெரியலை ஐயா.”

“நீ நம்ம ஊர்ப் பொண்ணுதான? கண்ணைக் கட்டி விட்டாலும் இறக்கிருவியே!”

“கண்ணைக் கட்டிக்கிட்டு இறக்கறதில்லை ஐயா.”

“இன்னொரு தடவைதான் பாரேன்.”

ஜெனோவா கீழே கட்டுப்பாட்டு நிலையத்தில் விசாரித்தார். மழை இன்னும் வலுக்கிறது என்றார்கள்.

“மதுரைக்குப் போறோம் ஐயா. அங்கிருந்து கார்ல போயிடலாம்.”

“கார்ல போனா ராகு காலம் வந்திரும். சம்பந்தக்காரங்க முன்னால நான் என்னன்னு போய் நிக்க?”

“மழைன்னு சொல்லுங்க. அவங்களும் அதுலதான் நனைஞ்சுகிட்டிருப்பாங்க.”

இசக்கிமுத்துவின் குரல் தடித்தது.

“இந்த விமானத்துல எனக்கும் பங்கு இருக்கும்மா.”

“இருக்கு ஐயா. அதான் முழுசாக் கொண்டு போறேன்.”

திரை மூடிக்கொண்டது.

மதுரையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அதைப் பார்த்ததும் இசக்கிமுத்துவுக்கு இன்னும் கோபம் வந்தது. சின்ன விமானத்துக்குச் சுமை இறக்க ஆள் கிடையாது. ஜெனோவா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தோளில் நான்கு பட்டையோடு, பட்டுப்புடவைத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக் காரை நோக்கி நடந்தார். ஏதோ தன் வீட்டு விசேஷம்போலத் தலை நிமிர்ந்து நடந்தார்.

சங்கரபாண்டியன் கையில் தேங்காய்த் தட்டு. பக்கத்தில் ஒரு பெரிய விமானம் நின்றது. அதன் படியில் இறங்கி வந்த இளம் கேப்டன் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மணிமாறன். அவரிடம் வேலை கற்றவன்.

“சார்! நீங்களா?”

தட்டை எங்கேயாவது வைக்க முடியுமா என்று சங்கரபாண்டியன் பார்த்தார். தார்த்தரைதான் இருந்தது.

“நான்தான் மணி. நல்லா இருக்கியா?”

“இருக்கேன் சார்…” என்றான் மணிமாறன். அவன் கண் தட்டைவிட்டு நகரவில்லை.

பின்னாலிருந்து ஜெனோவாவின் குரல் வந்தது. “சார், தட்டைச் சாய்க்காதீங்க. தேங்காய் உருளுது.”

சங்கரபாண்டியன் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு போனார். காது மடல் சுட்டது. அது வெயிலினால் இல்லை.

எல்லாம் ஏற்றியானதும் இசக்கிமுத்து ஜெனோவாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“இனிமே என் பயணத்துக்கு நீங்க வர வேண்டாம். கம்பெனியில சொல்லிருதேன்.”

நீ என்று பேசியவர் நீங்க என்று மாறியிருந்தார். அது மரியாதை இல்லை.

“சரிங்க ஐயா,” என்றார் ஜெனோவா. “டிரைவரை மெதுவாப் போகச் சொல்லுங்க. வழி நெடுக மழை.”

கார் நகரும்போது இசக்கிமுத்துவின் மனைவி கண்ணாடியை இறக்கினார். மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து ஜெனோவாவின் கையில் வைத்தார். கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் ஒரு முறை கைகூப்பினார்.

இருவரும் இறக்கையின் நிழலில் உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டியனுக்கு மனம் ஆறவில்லை.

“ஜாபரா இருந்தா இந்நேரம் வேலை போயிருக்கும்.”

“போயிருக்கலாம்.”

“பெரிய விமானமா இருந்தா ஒருத்தரும் திரையை விலக்கிட்டு வந்து கேட்டிருக்க முடியாது.”

“முடியாது.”

“இங்க தட்டையும் தூக்கிக்கிட்டு, திட்டையும் வாங்கிக்கிட்டு… எப்படி கேப்டன் நீங்க இப்படி இருக்கீங்க?”

ஜெனோவா பூவை வாடாமல் கைக்குட்டையில் சுற்றினார்.

“அந்தமானுக்குக் கிளம்பி, இறங்க முடியாமச் சென்னைக்கே திரும்பி வந்தோமே, ஞாபகம் இருக்கா சார்?”

சங்கரபாண்டியன் யோசித்தார். “இல்லையே.”

“காத்து பலமா இருந்தது. ரெண்டு நிமிஷம் பார்த்தீங்க. திருப்பிட்டீங்க. சென்னையில இறங்கினதும், நீங்க உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். நீங்கதான் சொன்னீங்களே, கதவைச் சாத்தினா ராஜ்யம்னு. ஆனா நீங்க போய் வாசல்ல நின்னீங்க. இறங்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் ‘மன்னிக்கணும், இன்னைக்கு முடியலை’ன்னு சொன்னீங்க. ஒருத்தர் உங்க முகத்துக்கு நேரா கை நீட்டித் திட்டினார். அவர் பை கீழே விழுந்தது. குனிஞ்சு எடுத்துக் கொடுத்தீங்க. நான் உங்களுக்குப் பின்னாடி நின்னேன். எனக்கு எப்ப உள்ளே ஓடிப் போவோம்னு இருந்துச்சு. நீங்க கடைசி ஆள் இறங்கற வரைக்கும் நகரலை.”

சங்கரபாண்டியனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

“அன்னைக்கு வீட்டுக்குப் போன் பண்ணி, ‘அம்மா, நான் யார்கிட்ட வேலை பார்க்கிறேன் தெரியுமா’ன்னு ஆரம்பிச்சேன். நிறுத்தவே இல்லை,” என்றார் ஜெனோவா.

அப்போது சங்கரபாண்டியனின் கைபேசி அடித்தது. சிமெண்ட் ஆலையின் மேலாளர். என்ன முடிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“ஒரே ஒரு கேள்வி,” என்றார் சங்கரபாண்டியன். “மழை, இறங்க முடியலைன்னு நான் திரும்பிட்டா உங்க முதலாளி என்ன சொல்வார்?”

மறுமுனை சிரித்தது. “எங்க முதலாளிக்குத் திரும்பறதுங்கற பேச்சே பிடிக்காது சார்.”

“எனக்கு அது பழக்கம்,” என்றார் சங்கரபாண்டியன். “வேற நல்ல ஆளாப் பாருங்க.”

கைபேசியைப் பையில் போட்டார். அவரிடம் நான்கு பட்டை இருந்த நாட்களில்கூட அந்தக் குரல் அத்தனை கம்பீரமாக இருந்ததில்லை.

“மிச்சம் ரெண்டு இருக்கு,” என்றார். “கேப்டனாவே போயிடலாமா?”

“போங்க சார். நல்ல வேலை.”

“இங்கேயே இருந்திடலாமா?”

“இருங்க சார். இதுவும் நல்ல வேலை.”

“விளையாடாதீங்க கேப்டன். காலையில கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. மூணு வேலையும் பார்த்தவங்க நீங்க. எதுல உங்களுக்கு மனசு நிறைஞ்சுது?”

ஜெனோவா எழுந்து, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டார்.

“மூணுலயும் மனசு நிறைஞ்ச நாள் சிலது இருந்தது சார். அதுல ஒரு நாள்கூட, போக வேண்டிய ஊருக்கு நான் போய்ச் சேரலை.”