வைரமணி பிடி

"அம்மா, எனக்கு இந்த ஆராய்ச்சி சரிப்பட்டு வராது. விட்டுடறேன்."

கோதண்டம் இப்படிச் சொன்னபோது பேராசிரியை வைரமணி கை கழுவிக்கொண்டிருந்தார்.

மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமல் கையாலேயே எலும்பையும் தசையையும் சரிசெய்கிற ஆஸ்டியோபதி அவருடைய தொழில். காலையில் நோயாளிகள். மதியம் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சி. கோதண்டத்துக்கு நாற்பத்தொரு வயது. பத்து வருஷம் சொந்தமாகக் கிளினிக் நடத்திவிட்டு அவரிடம் பிஎச்.டி. செய்ய வந்தவன்.

"ஏன் விடறே?"

"வீட்டுல கொஞ்சம் பிரச்சினை."

"மேல ஏறிப் படு."

சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்தான். அவர் அவன் பிடரியில் இரண்டு விரலை வைத்தார்.

"வீட்டுல பிரச்சினையாம்! கழுத்து கல்லு மாதிரி இருக்கு. என்கிட்ட எதை மறைக்கிறே?"

இந்த அம்மாவிடம் வாயால் பொய் சொல்லிவிடலாம், கழுத்தால் முடியாது. அது தெரிந்தும் போய்ப் படுத்தான் பாருங்கள், அவனைச் சொல்லணும்.

"உங்க பிடி," என்றான்.

இடுப்புவலிக்கு அவர் கண்டுபிடித்த பிடி அது. முழங்கையை ஊன்றி ஒரே அழுத்து. படுத்திருப்பவர் ஐயோ என்று அலறுவார். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார். வைரமணி பிடி என்று பேர் வைத்தது அவருடைய மாணவர்கள்.

"அறுபது பேரை வச்சு சோதிச்சேன்மா. முப்பது பேருக்கு உங்க பிடி. முப்பது பேருக்குச் சும்மா இடுப்புல கை வச்சு எடுத்தேன். வலி குறைஞ்சுதான்னு பார்த்தவருக்கு யாருக்கு எதுன்னு தெரியாது."

"சரி?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒரே மாதிரிதான் குணமாச்சு."

"மறுபடியும் பார்த்தியா?"

"நாலு தடவை."

"அதுக்கு எதுக்கு ஆராய்ச்சியை விடறே?"

"இதை எழுதினா உங்க பேரு போயிடும்மா. எனக்குப் பட்டம் வராட்டியும் பரவாயில்லை."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வைரமணிக்கும் வலித்தது. வலிக்காமல் இருக்குமா? இருபத்திரண்டு வருஷம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நேரா வந்து சொல்ல வேண்டியதுதானே, மண்டு," என்றார் கடைசியில்.

கதவு திறந்தது. பொன்னுத்தாய் நின்றார். கட்டட வேலைக்குப் போகிறவர். சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருவார்.

"டாக்டரம்மா, இடுப்பு போச்சு. அந்தப் பிடியைப் போட்டு விடுங்க. பல்லுல கடிச்சுக்கத் துண்டுகூடக் கொண்டாந்திருக்கேன்."

வைரமணி அந்தத் துண்டையே பார்த்தார்.

"இல்ல பொன்னுத்தாயி. இனிமே யாருக்கும் அதைப் போட மாட்டேன். அந்த வலி உங்களுக்கு வேண்டாத வலி. இத்தனை நாள் எனக்குத் தெரியாம போச்சு. மன்னிச்சுக்குங்க."

"உங்களுக்கே தெரியாததா? யாரு சொன்னது?"

"என் வாத்தியார்."

"அடேயப்பா! உங்களுக்கும் வாத்தியார் இருக்காரா? எங்க இருக்காரு?"

வைரமணி மேசையைக் காட்டினார்.

"இதோ, மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் படுத்திருக்காரு. எந்திரிங்க சார், அந்த அம்மா படுக்கட்டும்."