முள்ளில் குத்திய பக்கங்கள்

வேட்டைக்குச் சர்க்கார் சீட்டு கொடுத்த காலம் அது. மலையடிவாரத்தில் செல்லக்கண்ணு என்று ஒருவர் நாற்பது ஆடும் மூணு ஏக்கர் உளுந்தும் வைத்திருந்தார். குட்டிகளை நரி தூக்கியது, உளுந்தை மான் மேய்ந்தது. முயல் சுடுகிற சின்னத் துப்பாக்கி இரண்டுக்குமே காணாது. மனிதர் பாவம், வெறுத்துப்போய் ஒரு நல்ல ரைஃபிள் வாங்கிவிடுவது என்று முடிவு கட்டினார்.

ஆனால் வேட்டை கற்றுக்கொடுக்கிற மூக்காண்டி ஆசான் சரி என்று சொல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் புதுத் துப்பாக்கியோடு காடேற முடியாது. ஆசானுக்குச் செல்லக்கண்ணுவைவிடப் பத்து வயது குறைவுதான்.

"முதல்ல ஒரு மானைச் சுட்டுக் காட்டும் அண்ணாச்சி. பொறவு பேசுவோம்" என்று தன் பழைய ரைஃபிளைக் கொடுத்தார்.

செல்லக்கண்ணு ஒரு பாறையில் நின்று சுட்டார். மான் துள்ளியது, விழவில்லை. மரங்களுக்குள் ஓடிவிட்டது.

அப்போது தொடங்கிய நடை. காயம்பட்டது கிடைக்கிறவரை சுட்டவன் வாயில் சோறு படக்கூடாது என்பது அந்த மலையின் கட்டு. ரத்தம் கண்ட இடத்தில் எல்லாம் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். தடம் தப்பினால் திரும்பிப் பார்த்து மான் போன திசையைப் பிடிக்கலாம். வழக்கமாகத் துணி கிழித்துக் கட்டுவார்கள். அன்று ஆசானிடம் துணி இல்லை.

"மடியில என்ன?"

"துப்பாக்கிக் கடைப் புத்தகம், ஆசானே. படம் போட்டது."

"தாரும்."

முதல் பக்கம் மான் குண்டடிபட்ட இடத்திலேயே இலந்தை முள்ளில் ஏறியது.

மறுநாள் காலையிலும் நடந்துகொண்டிருந்தார்கள். செல்லக்கண்ணுவுக்கு முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. பசி வேறு. அதைவிட, புத்தகம் மெலிவதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

"பாத்துக் கிழியும் ஆசானே. அது நான் குறிச்சு வச்சது. கனமான தோட்டா. மான் நின்ன எடத்துலயே விழுந்துருமாம்."

ஆசான் கிழித்தார். முள்ளில் குத்தினார். "அடுத்த ரத்தம் எங்கன, பாரும்."

"நரிக்கு அம்புட்டு கனம் வேண்டாமாம். சின்னத் தோட்டா போதும், முந்நூறு கெஜம் நேராப் போவுமாம்."

அதையும் கிழித்தார்.

"மானுக்கும் நரிக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எது தோதுப்படும்?"

"அந்தக் கல்லுல ஒரு சொட்டு கெடக்கு. குனிஞ்சு பாரும்."

இந்த ஆளிடம் கேட்பதற்குச் சும்மா இருக்கலாம் என்று நினைத்தபடி செல்லக்கண்ணு குனிந்தார்.

உச்சிவெயிலில், வறண்ட ஓடை ஒன்றில் மான் கிடந்தது. பின்தொடை சிதைந்து ஈ மொய்த்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது, எழ முடியவில்லை. ஆசான் ரைஃபிளை நீட்டினார்.

"கிட்டப் போம்."

ஏழெட்டு அடியில் நின்று சுட்டார். உடனே அடங்கிவிட்டது. செல்லக்கண்ணு மணலில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

"தூக்கும்" என்றார் ஆசான். "போற வழியில தாளையெல்லாம் எடுத்துக்கிடும்."

தோளில் மானோடு ஒவ்வொரு முள்ளிடமும் குனிந்து எழுந்தார். ஓரிடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. மான் படுத்து, எழுந்து, மறுபடி நடந்திருக்கிறது. வரும்போது அந்த இடத்தில் எந்தப் பக்கம் கிழிகிறது என்றுதான் பார்த்திருந்தார், புல்லைப் பார்க்கவில்லை. அப்புறம் தாளில் என்ன படம் என்று அவர் பார்க்கவில்லை. எடுத்து எடுத்து மடியில் திணித்தார்.

முதல் பக்கம் இருந்த இலந்தைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மானை இறக்கினார். பேசவே தெம்பில்லை, ஆனாலும் கேட்டார்.

"கனத்த தோட்டாவா இருந்திருந்தா இங்கனயே விழுந்திருக்கும். இல்லையா ஆசானே?"

ஆசான் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"நீரு நின்ன பாறை அதுதான?"

ஆமாம், அதுதான். இங்கிருந்து பார்க்க அது ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்குத்தான் தெரிந்தது.

"பள்ளத்துல எறங்கி இன்னும் கிட்ட வந்திருக்கலாமே. மறைவு இருக்கு, காத்தும் தோதா இருந்துச்சு."

"வந்திருக்கலாம்" என்றார் செல்லக்கண்ணு. "துப்பாக்கி எட்டும்னு நெனச்சேன்."

ஆசான் ரைஃபிளைத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எதை வேணும்னாலும் வாங்கும் அண்ணாச்சி, நான் குறுக்க நிக்கல. இது பழசுங்கிறதால அந்தப் பாறையோட நின்னீரு. நீரு குறிச்சு வச்சது கையில இருந்திருந்தா, அதுக்கும் பொறத்த ஒரு மேடு தெரியுது பாரும், அங்கன நின்னு சுட்டிருப்பீரு."