வயிரத்துக்கு வந்த ராஜ மரியாதை

கோடையூர் ராஜாவிடம் வயிரம் என்றொரு வெள்ளை வேட்டைநாய் இருந்தது. ஒருமுறை காட்டுப்பன்றியிடமிருந்து அவரையே காப்பாற்றியது. அந்தச் சந்தோஷத்தில், "எனக்குள்ள மரியாதை எல்லாம் இனி வயிரத்துக்கும் உண்டு. தவறினால் நிலம் பறிபோகும்" என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் ராஜாவின் வாயைப் பொத்த ஒரு ஆள் வேண்டும். அன்றைக்குப் பார்த்து யாரும் இல்லை.

நாயைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு ராஜாவின் மைத்துனர் செண்பகராயருடையது. காலையில் அதை ஊருக்குள் அவிழ்த்துவிட்டு, அவர் ஆலமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். வயிரமோ குளத்துப் படித்துறை, கோயில் வாசல் என்று ஓரிடம் விடாமல் அசிங்கம் செய்துவிட்டுத் திரும்பும். மிதித்தவர்கள் நிலத்தை நினைத்து, வாயைத் திறக்காமல் காலைக் கழுவிக்கொண்டார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

ஒருநாள் பொதுக்களத்தில் பூவாயி நெல் காயப்போட்டிருந்தாள். வயிரம் நேரே நெல்லின் நடுவில் போய் உட்கார்ந்து வேலையை முடித்தது. பூவாயி விளக்குமாற்றால் ஒரு போடு போட்டாள்.

மத்தியானமே சபையில் வழக்கு வந்தது.

"ராஜ மரியாதை கெட்டது. இவள் வயலைப் பறிக்க வேண்டும்" என்றார் செண்பகராயர்.

"சாமி, இருக்கிறது அந்த ஒரு வயல்தான். அதுவும் போனா பிள்ளைங்களுக்கு நான் எதைப் பொங்கிப் போடுவேன்?" என்று அழுதாள் பூவாயி.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தண்டோரா அவர் போட்டதாயிற்றே. சபையின் சாமர்த்தியக்காரர் ஆவுடையப்பரைப் பார்த்தார்.

ஆவுடையப்பர் எழுந்தார். "மரியாதை கெட்டது உண்மைதான், மகாராஜா. ஒரு சந்தேகம். தாங்கள் வெற்றிலை எச்சிலைத் தரையில் துப்புவதுண்டா?"

"எதற்குத் துப்ப வேண்டும்? படிக்கம் ஏந்துகிறவன்தான் பின்னாலேயே வருகிறானே."

"ஒருநாள் அவன் வராமல், தரை அசிங்கமானால் குற்றம் யாருடையது?"

"அவனுடையதுதான்."

"வயிரத்துக்கும் அதே மரியாதை. அது களத்தில் உட்கார்ந்தபோது பின்னால் ஏந்த ஆளில்லை. ஏந்த வேண்டியவர் ஆலமரத்தடியில் இருந்தார். மரியாதை அங்கேதான் கெட்டது. நாளை முதல் செண்பகராயர் வெள்ளித் தட்டோடு வயிரத்தின் பின்னாலேயே போகட்டும்."

சபையில் பலர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். செண்பகராயருக்கு முகம் சிவந்தது.

"நானா? ராஜா, அது வெறும் நாய்!"

"கேட்டீர்களா, மகாராஜா? வெறும் நாய் நெல்லில் உட்கார்ந்தால் பூவாயி வேறு எதை எடுப்பாள்? விளக்குமாற்றைத்தானே?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூவாயிக்கு இரண்டு மூட்டை நெல்லும், ஆவுடையப்பருக்குத் தன் கழுத்து முத்துமாலையும் கொடுத்தார். "தண்டோரா செல்லாது. வயிரம் நாய்தான்" என்றும் சொல்லிவிட்டார்.

செண்பகராயர் பெருமூச்சு விட்டார். "அப்படியானால் நான் ஏந்த வேண்டாமே?"

"ஏந்த வேண்டாம்" என்றார் ராஜா. "நாய்க்கு எதற்கு வெள்ளித் தட்டு? முறம் எடுத்துப் போய் அள்ளும்."