வழி தவறியவர்: ஒருவர்

"டீச்சர், நியாயம் செத்துப் போச்சுங்க" என்று வந்து நின்றார் சடகோபன்.

ஜெயக்கொடி டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்பங்ணா செத்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழமை. ஊசிமலையில."

"அதுவரைக்கும் உசுரோட இருந்துச்சுங்களா?"

சடகோபனுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் பதில் கொடுத்திருப்பார். டீச்சரிடம் முடியாது.

சடகோபன் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கிய மனிதரை, அவரைவிடப் பத்து வயது இளையவரான இந்த டீச்சர்தான் மலை ஏறி ஓட வைத்தார். எப்படி மூச்சு விடுவது, எப்படிக் கால் வைப்பது, எப்போது வாயை மூடுவது என்று எல்லாமே அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கடைசிப் பாடம் மட்டும் சரியாகப் படியவில்லை.

"நடந்ததைச் சொல்லுங்ணா" என்றார் டீச்சர்.

சடகோபன் சொன்னார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு கோடையிலும் அவர்களுடைய ஓட்டக் குழு ஊசிமலையில் ஒரு பந்தயம் நடத்தும். முந்தின நாளே டீச்சர் மலையேறிப் பாதை நெடுகச் சிவப்பு நாடா கட்டி வருவார். பாதி மலையில் வழி இரண்டாகப் பிரியும். இடது கைப்பக்கம் அகலமான ஜீப் சாலை. மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். வலது கைப்பக்கம் ஒற்றையடிப் பாதை. செங்குத்தாக உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கும். நாடா ஒற்றையடிப் பாதையில்தான் கட்டியிருந்தது. தண்ணீர்ப் பீப்பாய்களும் அங்கேதான் இருந்தன.

முதலில் ஓடியவன் குழுத் தலைவரின் மகன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஜீப் சாலையில் திரும்பிவிட்டான். அடுத்தவன் அவன் பின்னால் போனான். அதற்கடுத்தவன் அடுத்தவன் பின்னால்.

"ஒருத்தனும் தலையைத் தூக்கலீங்க! முன்னால போறவன் குதிகாலையே பாத்துட்டுப் போறானுக."

"அது நான் சொல்லிக் குடுத்ததுதானுங்ணா" என்றார் டீச்சர். "கல்லுப் பாதையில முன்னால போறவங்க குதிகாலைப் பாருங்க, அவங்க கால் வெச்ச கல்லுல கால் வெச்சா வழுக்காதுன்னு சொன்னேன்."

"அப்ப உங்க மேலயும் தப்பு இருக்குதுங்க."

"இருக்குதுங்ணா."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்கிறவர்களிடம் சண்டை போட முடியாது. சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

அவர் கூட்டத்தின் வாலில் ஓடிக்கொண்டிருந்தார். பிரிவுக்கு வந்தபோது நாடாவைப் பார்த்தார். கத்தினார். யாரும் திரும்பவில்லை. சரியான வழியில் தன்னந்தனியாக ஏறினார். நாற்பது பேருக்கு வைத்த தண்ணீரைத் தனியாகக் குடித்தார். உச்சியைத் தொட்டு, முழங்கால் நடுங்க இறங்கி, பந்தயம் முடிகிற மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்.

மைதானத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவரின் மகன் கழுத்தில் பதக்கம். மற்றவர்கள் கையில் பொங்கல். ஒலிபெருக்கியில் தலைவரே முடிவைப் படித்தார். முதலிடம், தன் மகன். இரண்டாமிடம், மூன்றாமிடம். கடைசியாக ஒரு வரி: "வழி தவறியவர், ஒருவர்."

"என்னையச் சொல்றானுங்க, டீச்சர்! என்னைய!"

"நீங்க போய்க் கேக்கலீங்களா?"

"கேட்டேன். வாட்சுல நான் போன பாதை வரைபடமாவே இருக்குதுன்னு காட்டினேன். தலைவர் கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தாரு. 'கரெக்ட்டுங்க சடகோபன். எல்லாரும் போன வழியில நீங்க போகலைன்னு தெளிவா இருக்குது. அதையேதானே நாங்களும் சொல்றோம்'ன்னாரு. எல்லாரும் சிரிச்சானுக."

ஒருவன் தவறு செய்தால் அதற்குப் பெயர் தவறு. நாற்பது பேர் சேர்ந்து செய்தால் அதற்குப் பெயர் தீர்மானம். தலைவரின் மகன் முன்னால் நின்று செய்தால் அதற்குப் பதக்கமும் உண்டு. உலகத்தில் எந்தக் கமிட்டியும் இதைவிட மேலான அறிவோடு இதுவரை கூடியதில்லை.

அன்றிலிருந்து குழுவில் சடகோபனுக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. காலையில் மைதானத்துக்குள் நுழைந்தால், "வழி தெரிஞ்சு வந்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அவருக்கு மருமகன் வயதுடையவர்கள்.

"பாதை போட்டது நீங்க" என்றார் சடகோபன். "இதுதான் வழின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். முதலிடம் எனக்கு வந்தாகணும். இல்லைன்னா நோட்டீஸ் அடிச்சு இந்த மைதானச் சுவர் பூராவும் ஒட்டிப் போடுவேன். 'கூட்டம் போன வழியெல்லாம் வழியா?'ன்னு தலைப்புக்கூட யோசிச்சு வெச்சுட்டேன்."

"நல்ல தலைப்புங்ணா."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். நான் போனது சரியான வழியா, இல்லையா?"

"நீங்க போனதுதான் வழி."

சடகோபனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக யாரும் சொல்லாத சொல்.

"அப்ப வாங்க, கமிட்டியில சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னால நாளைக்குக் காலையில மலைக்கு வாங்க."

"எதுக்குங்க?"

டீச்சர் சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டார்.

"சாட்சி சொல்றவ எடத்தைப் பாக்க வேண்டாமுங்களா?"

*

மறுநாள் வெயில் ஏறும்போது இருவரும் வழி பிரிகிற இடத்தில் நின்றார்கள். ஏறி வரும் வழியெல்லாம் சடகோபன்தான் பேசினார். தலைவரின் பைப் கம்பெனி, தலைவரின் கார், தலைவரின் மகனுடைய இறக்குமதி ஷூ என்று ஒன்றையும் விடவில்லை. டீச்சர் மூச்சை மிச்சம் பிடித்தார்.

நாடா இன்னும் ஒற்றையடிப் பாதை ஓரத்தில் ஒரு புதரில் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் சடகோபன். "குருடனுக்கும் தெரியும்."

"தெரியுதுங்ணா."

பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது.

"ஆமா, அன்னிக்கு நீங்க எந்தப் பக்கம் போனீங்க?"

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வருவார். அவருக்குப் பின்னால் மலையில் யாரும் இருக்கக் கூடாது. வரும்போதே நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வருவார்.

"ஜீப் ரோட்டுப் பக்கம்."

"நாடா கட்டின நீங்களேவா!"

"புழுதியில பாத்தேன். ஒரு ஷூத் தடம் மேல போயிருந்துச்சு. மத்ததெல்லாம் கீழ போயிருந்துச்சு. கடைசி ஆள் எங்க இருக்கறாரோ அங்கதானுங்ணா எனக்கு வேலை."

கடைசி ஆள் ராக்கியப்பன். துணிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவர். சர்க்கரை வியாதிக்காக ஓட வந்தவர். அது அவருக்கு முதல் பந்தயம். ஜீப் சாலையில் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு சிறுபாலத்தின் மேல் அவர் சுருண்டு கிடந்ததை டீச்சர்தான் பார்த்தார். தோளில் சாய்த்துக் கீழே இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதனால்தான் பரிசு கொடுக்கும்போது டீச்சர் மைதானத்தில் இல்லை. அதனால்தான் தலைவருக்கு அவ்வளவு தைரியம்.

"ராக்கியப்பன் இப்ப எப்படி இருக்கறாப்ல?" என்று சடகோபன் கேட்டார். கேட்க வேண்டும் என்று நேற்றே நினைத்திருந்தார்.

"கிட்னி வேலை செய்யலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்குது. டயாலிசிஸ் நடக்குது."

"அடப் பாவமே. எல்லாம் அந்தத் தலைவர் மகனால வந்த வினை."

டீச்சர் மேலே ஏறும் பாதையைப் பார்த்தார்.

"மேல தண்ணி எப்படிங்ணா இருந்துச்சு அன்னிக்கு?"

"சில்லுனு இருந்துச்சுங்க" என்றார் சடகோபன்.

டீச்சர் தலையாட்டினார். பிறகு ஜீப் சாலையைக் கை காட்டினார்.

"நீங்க கத்துனப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

"அந்த ரெண்டாவது வளைவுல. கடைசியாப் போனவன் முதுகு தெரிஞ்சுது."

"நான் அங்க போய் நிக்கறேன். அன்னிக்குக் கத்தின மாதிரியே கத்துங்க."

டீச்சர் இறங்கிப் போனார். வளைவில் சின்னப் புள்ளியாக நின்றார்.

சடகோபன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். டீச்சர் கற்றுக்கொடுத்த மூச்சு.

"ஏய்ய்! அது வழியில்ல! இந்தப் பக்கம் வாங்க!"

எதிர்மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. மரத்திலிருந்து ஒரு கூட்டம் கிளிகள் கிளம்பிப் பறந்தன.

டீச்சர் மெதுவாக ஏறி வந்தார்.

"கேட்டுச்சுங்களா?"

"நல்லாக் கேட்டுச்சுங்ணா."

"பாத்தீங்களா! அவனுகளுக்கும் கேட்டிருக்கும். கேட்டும் திரும்பலை. கூட்டம்னா அப்படித்தான் டீச்சர். சரியானதைச் சொல்றவன் ஒத்தையாத்தான் போகணும். இன்னிக்கு நேத்தா நடக்குது இது?"

"அவங்களுக்குக் கேட்டிருக்கும். கமிட்டியில சொல்றேன்."

"சொல்லுங்க!"

"இன்னும் ஒண்ணு பாக்கணும். அப்புறம் நீங்க மேல ஏறினீங்க."

"ஆமா."

"ஏறிக் காட்டுங்க."

சடகோபன் உற்சாகமாக ஏறினார். அன்று இந்தப் பாதையில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பட்டறை திறந்த நாளில்கூட அவர் அனுபவித்ததில்லை. முன்னால் ஒரு குதிகால் கிடையாது. ஒரு முதுகு கிடையாது. பாதையும் நாடாவும் அவரும். இந்த மலையே தனக்காக ஒதுங்கி நின்றதுபோல் இருந்தது. இப்போதும் கால்களில் அது கொஞ்சம் மிச்சமிருந்தது.

சாய்ந்த நெல்லி மரம் ஒன்றைத் தாண்டும்போது கீழிருந்து குரல் வந்தது.

"அண்ணோவ்!"

டீச்சரின் குரல்தான். ஆனால் டீச்சர் அவரை ஒருபோதும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"சடகோபண்ணோவ்! எந்தப் பக்கமுங்?"

காற்று அடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் துவைத்துக் காயப்போட்ட துணிபோல் தெளிவாக மேலே வந்தது.

சடகோபன் நின்றார். திரும்பவில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

சரிவில் ஒரு கல் தானாக உருண்டு போய் எங்கோ நின்றது.

இரண்டாவது முறை கூப்பிடுவார் என்று காத்திருந்தார். டீச்சர் கூப்பிடவில்லை. ஒரு முறைதான். அன்றும் ஒரு முறைதான்.

சடகோபன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து இறங்கி வந்தார்.

டீச்சர் புதரிலிருந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சுங்களாண்ணா?"

சடகோபன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார்.

"ஆஸ்பத்திரியில ராக்கியப்பன் சொன்னாரு" என்றார் டீச்சர். அவர் குரலில் குற்றமும் இல்லை, இரக்கமும் இல்லை. "மேல உங்க மஞ்சச் சட்டை தெரிஞ்சுதாம். கூப்பிட்டாராம். நீங்க திரும்பலையாம். 'அண்ணன் அவசரத்துக்கு ஒதுங்கப் போறாரு, நாம எதுக்குத் தொந்தரவு பண்ணிட்டு'ன்னு நெனச்சுட்டு, எல்லாரும் போன பக்கமே போயிட்டாராம். சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சா அவருக்கு விலா வலிக்குது."

சடகோபன் ஜீப் சாலையைப் பார்த்தார். பிறகு ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். வெயிலில் இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

டீச்சர் நாடாவைச் சுருட்டி இடுப்புப் பைக்குள் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுதுங்ணா. நான் கட்டின பாதையில கடைசி வரைக்கும் ஓடினது நீங்க ஒருத்தர்தான். முதலிடம் உங்களுக்குத்தான் வரணும். வந்து சொல்றேன். தலைவர் கேக்கலைன்னா மைக்கைப் பிடுங்கிச் சொல்றேன்."

சடகோபன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"ஒரு சாட்சி பத்தலைன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. நீங்க நாடா வழியிலதான் ஏறினீங்கங்கறதைக் கண்ணால பாத்தவரு ஒருத்தருதான் இருக்கறாரு. அதுக்குள்ள வீட்டுக்கு விட்டுட்டாங்கன்னா, ராக்கியப்பனையும் கூட்டிட்டு வரட்டுங்களா?"

சடகோபன் என்னவோ சொன்னார். உதடு அசைந்தது.

டீச்சர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

"கேக்கலீங்ணா. சத்தமாச் சொல்லுங்க."