மூன்றாம் தென்ஜூரோவின் மகள்

சாயோவுக்கு நடந்தது அநியாயம். அதைச் செய்தவர் அவள் அப்பா. அவளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த ஆசானும் அவரேதான்.

ஒசாகா நகரின் கபுகி நாடக மேடையில் கிரியாமா தென்ஜூரோ என்ற பெயர் மூன்று தலைமுறையாக வாழ்ந்து வந்தது. ஆள் மாறுவான், பெயர் மாறாது. மூன்றாம் தென்ஜூரோவான அப்பாவுக்கு முழங்கால் போனபோது, தம்பி கொமாகிச்சிக்கு ஒவ்வொரு வேடத்தையும் அடியடியாகச் சொல்லிக்கொடுத்தவள் சாயோ. அவன் மேடையில் கண்ணை உருட்டுகிறானே, அதுகூட அவள் உருட்டிக் காட்டியதுதான்.

பெயர் கொமாகிச்சிக்குப் போனது. இனி அவன்தான் நாலாம் தென்ஜூரோ.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு மேடை கிடையாது என்பது அரசாங்க உத்தரவு. ஆனால் இன்று பெயர் சூட்டும் விழாவில், நிறைந்த அரங்கத்தின் முன் மண்டியிட்டு, அப்பா எல்லோருக்கும் நன்றி சொன்னார். பொய்முடி கட்டுகிறவருக்குச் சொன்னார். விளக்கு ஏற்றுகிறவருக்குச் சொன்னார். எதிர்த்தாற்போல் மதுக்கடை வைத்திருப்பவருக்குக்கூடச் சொன்னார்.

சாயோவுக்குச் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவரைத் தேடிப் போனாள்.

மேடையை ஒட்டிய ஒப்பனை அறையின் வாசல் திரையில் அதே பெயர்தான் தொங்கியது. உள்ளே தம்பி இருந்தான். அவனைச் சுற்றிப் பரிசுப் பெட்டிகள்.

"அப்பா எங்கேடா?"

"பழக்கத்துல இங்கேதான் வந்து உட்கார்ந்தார் அக்கா. யாரோ வாசல்ல நின்னு 'தென்ஜூரோ ஐயா'ன்னு கூப்பிட்டாங்க. நாங்க ரெண்டு பேருமே திரும்பினோம்."

"அப்புறம்?"

"எழுந்து போயிட்டார்."

அரங்கத்தின் கடைசியில், உச்சியில், மலிவு இருக்கைகளில் அவர் இருந்தார். பாய்களும் ஆரஞ்சுத் தோல்களும் அவருமாக. யாரோ விட்டுப்போன ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

சாயோ எதிரே போய் நின்றாள்.

"ஏன்ப்பா?"

அவர் பழத்தில் பாதியை நீட்டினார்.

"எனக்குப் பழம் வேண்டாம். பதில் வேணும்."

"பேருங்கிறது வாடகை வீடு, சாயோ. நான் குடியிருந்தேன். காலி பண்ணிட்டேன்."

"அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினது யாரு? ஒழுகின கூரையை அடைச்சது யாரு? குடியேறினது யாரு?"

அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"மூங்கிலைப் பார். உள்ளே ஒண்ணுமில்லை. அதனாலதான்..."

"மூங்கிலை விடுங்கப்பா."

விட்டுவிட்டார்.

"உத்தரவு இருக்கேம்மா," என்றார்.

"பொண்ணு மேடை ஏறக்கூடாதுன்னு உத்தரவு. ஒரு பொண்ணு பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு எந்த உத்தரவு? மதுக்கடைக்காரர் உங்க பிள்ளைக்கு எந்த வேடம் சொல்லிக்கொடுத்தார்? தள்ளாடுறதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயோவுக்கு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கீழே காட்டினார். அரங்கத்தின் பின்வாசலிலிருந்து, பார்வையாளர் நடுவே மேடைவரை நீளும் பலகைப் பாதை. பூப்பாதை என்பார்கள். நாயகன் வருவது அந்த வழியாகத்தான்.

"நட."

"பொண்ணு கால் படலாமா?"

"காவல்காரன் சாப்பிடப் போயிருக்கான்."

சாயோ இறங்கிப் போனாள்.

அவள் கற்றதும் கற்பித்ததும் வீட்டுச் சமையலறைத் தரையில். இந்தப் பலகையில் அவள் நின்றதே இல்லை. காலடியில் அது அதிர்ந்தது. இரண்டு பக்கமும் ஆளில்லாத பாய்கள். இத்தனை பெரிய இடமா இது?

நடந்தாள். எஜமானைப் போரில் இழந்துவிட்டு, சொல்ல யாருமில்லாமல் ஊர் திரும்பும் வீரனின் நடை. தம்பி நாளை நடக்கப்போகும் அதே நடை. தாளக்கட்டை தட்ட ஆளில்லை. அவளே உள்ளுக்குள் தட்டிக்கொண்டாள்.

நாயகர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். வலது காலை ஓங்கி வைத்தாள். தலையைச் சுழற்றி, கண்ணை நிறுத்தி, சிலையானாள்.

கபுகியில் இந்த ஒரு கணம் நடிகனுடையது அல்ல. பின்வரிசை ரசிகர்களுடையது. அங்கிருந்து ஒருவர் அந்த நடிகன் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிக் கத்த வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் வேடம் சிதறும். ஒரு மூச்சு பிந்தினால் நடிகன் அநாதை. யாருமே கத்தாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"நாலாமவரே!"

மிகச் சரியாக, அந்த மூச்சில்.

குரல் கூரையில் மோதி, காலியான பாய்கள்மேல் இறங்கி அடங்கியது. முழங்கால் போனவர் மேலே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

சாயோ அசையவில்லை. நிறுத்திய கண்ணில் நீர் முட்டியது. விழவிடவில்லை. வேடம் கலையும்வரை எண்ணி, பிறகுதான் தோளைத் தளர்த்தினாள்.

நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேள்விதான் வந்தது.

"நாளைக்குத் தம்பி இதே இடத்துல வந்து நிப்பான். அவனுக்கும் இப்படிக் கத்துவீங்களா?"

மேலே இருட்டில் அவர் முகம் தெரியவில்லை.

"அவனுக்குக் கத்தக் கூட்டம் இருக்கு," என்றார்.